நாற்பத்து மூன்றாவது சுவிட்ச்

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்பு டாக்டர், இனிமேல் படி ஏறக் கூடாது என்று சொன்னபோது பிரேமராஜனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மீன்காரனிடம் போய் மீனைத் தொடாதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவருடைய வேலையே படி ஏறுவதுதான்.

மேலேக்காவு கூட்டுறவு ஆஸ்பத்திரியில் நாலு கட்டிடம், நாற்பத்து மூன்று சுவிட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. கம்ப்யூட்டர் வயர்களெல்லாம் வந்து சேர்ந்து, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிற தட்டைப் பெட்டி. டாக்டருக்கு ஏசி அறை, பெட்டிக்கு மாடிப்படியின் அடி. எக்ஸ்ரே மெஷினுக்குத் தனிக் கட்டிடம், பெட்டிக்குப் பிணவறைக்குப் பின்னால் ஒரு சந்து. அந்த நாற்பத்து மூன்றில் கடைசி, பழைய கட்டிடத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி அறையில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. எழுபத்தெட்டுப் படி.

ஐம்பத்திரண்டு வயதில் பதினெட்டு வருஷத்தை இந்தப் பெட்டிகளோடுதான் அவர் கழித்திருந்தார். அப்பா பீடி சுற்றியவர். மகன் ஐ.டி.ஐ. முடித்து, கொஞ்ச நாள் டி.வி. ரிப்பேர் பார்த்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு வயர் இழுக்க வந்தார். இழுத்த வயரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது கமிட்டிக்காரர்கள் அவரையே காட்டினார்கள். அன்றிலிருந்து பில் கவுண்டர் நின்றால் பிரேமராஜன், லேபில் ரிசல்ட் வராவிட்டால் பிரேமராஜன். எல்லாம் ஓடும்போது இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. சாப்பிட உட்கார்ந்த இலையை மடித்துவிட்டு எழுந்துபோன நாட்களுக்குக் கணக்கே இல்லை. முட்டி தேயாமல் என்ன செய்யும்?

டாக்டரின் சீட்டு ஆஸ்பத்திரிச் செயலாளர் பவித்ரன் மாஷின் மேஜைக்குப் போயிற்று. மாஷ் ரிட்டயரான கணக்கு வாத்தியார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எதையும் கூட்டிக் கழித்துத்தான் பார்ப்பார். படி ஏறுகிற வேலைக்குப் படி ஏற முடியாதவரை வைத்துக்கொண்டால் கமிட்டியில் கேள்வி வரும் என்றார். வேண்டுமானால் இப்போதே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கலாம் என்றார். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது. மகள் மங்களூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பிரேமராஜன் அந்த யோசனையைச் சொன்னார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் அதற்கென்று ஒரு ஐபி முகவரி கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் அதன் காலடிக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டு, என்னப்பா உனக்கு என்று கேட்கலாம், சரி செய்யலாம். இதுவரை பாதிப் பெட்டிகளுக்கு முகவரியே இல்லை. இருந்தவற்றின் முகவரியும் கவுண்டர் கம்ப்யூட்டர்களின் முகவரிகளோடு கலந்து கிடந்தது. எல்லாவற்றையும் தனியாக ஒரு புது எண் தொடருக்கு மாற்றிவிட்டால் படி ஏறுகிற பேச்சே இல்லை.

மாஷ் நிபந்தனை போட்டார். நாற்பத்து மூன்றும் நாற்காலியிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பிரேமராஜன் ரிட்டயராகும் வரை அந்த நாற்காலியில் இருக்கலாம். ஒன்று குறைந்தாலும் வேறு ஆள்.

உதவிக்கு ரம்சீனா இருந்தாள். முப்பத்து நாலு வயது. வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை, மூன்று வருஷமாக இருக்கிறாள். பிரேமராஜனை ஏட்டா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணா என்று அர்த்தம். முகவரியே இல்லாத பெட்டிகளுக்கெல்லாம் லேப்டாப்பும் கேபிளுமாக அவள்தான் ஏறினாள். இரண்டு வாரம் ஏறி, எல்லாவற்றுக்கும் இப்போதைக்குப் பழைய தொடரிலேயே ஒரு முகவரி கொடுத்தாள். தொட்டி அறையிலிருந்து இறங்கி வந்தவள், அங்கே ஒரு பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது, அதற்கும் முகவரி கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

புதுத் தொடருக்கு மாற்ற ஒரு நாள் வேண்டும். பெட்டிகள் நடுவில் தடுமாறினாலும் நோயாளிகள் தவிக்காத நாளாக இருக்க வேண்டும். இங்கே அதற்கு ஒரே நாள்தான் உண்டு, ஹர்த்தால் என்கிற முழு அடைப்பு. ஊரே ஹர்த்தாலைத் திட்டும். நெட்வொர்க் ஆட்கள் மட்டும் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு வரும், இப்போது அதற்கும் பஞ்சம். மூன்று மாதம் காத்திருந்த பிறகு ஜனவரியில் ஒன்று வந்தது. எதற்கு என்று இருவரும் விசாரிக்கவில்லை.

காலை ஆறு மணிக்குச் சாலை அடைபடும் என்பதால் பிரேமராஜன் ஐந்தரைக்கே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ரம்சீனாவை அவள் தம்பி இறக்கிவிட்டுப் போனான். புறநோயாளி வரிசையில் ஒரு ஆள் இல்லை.

மாற்றுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். தொலைவிலிருந்து ஒரு சுவிட்சின் முகவரியை மாற்றுவது, உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவது போலத்தான். மாற்றிய நொடியில் பேச்சு அறுந்துபோகும். புது முகவரியில் ஒரு எண் பிசகினாலும் பெட்டி கைக்கு எட்டாது. அதனால் முதலில் அதற்கு ஒரு உத்தரவு போடுவார்: முப்பது நிமிஷத்தில் நீயாக அணைந்து, நீயாக எழுந்திரு. எழுந்தால் சேமிக்காத மாற்றமெல்லாம் மறந்து பழையபடி வந்து நிற்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் அலாரம். புது முகவரியில் பெட்டி பதில் சொல்லிவிட்டால் அலாரத்தை நிறுத்தி, மாற்றத்தைச் சேமித்துவிட வேண்டும்.

ரம்சீனா அவர் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாவது கட்டிடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்லி, வெளியே போகும் வழி எழுதாததால் அடுத்த கட்டிடத்துக்கு ஊமையாகிவிடுகிற பெட்டிகள் உண்டு. அவர் மாற்றுவார், அவள் தூரத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்துப் பட்டியலில் டிக் போடுவாள்.

அலாரம் வை, மாற்று, காத்திரு, கூப்பிடு, அலாரத்தை நிறுத்து, சேமி. பத்துப் பெட்டி வரை மனசோடு செய்தார். இருபதுக்கு மேல் கை மட்டும் செய்தது. முப்பதைத் தாண்டியபோது கண்ணில் எண்கள் ஒட்டிக்கொண்டன. முட்டி வேறு உட்கார்ந்தே இருந்ததில் இறுகிக்கொண்டு வலித்தது. இதற்குப் படியே ஏறியிருக்கலாம் என்று ஒரு தரம் வாய்விட்டே சொன்னார்.

நாற்பத்து மூன்றாவது, தொட்டி அறைப் பெட்டி, இரண்டேகாலுக்கு மாறியது. ரம்சீனா போனில், "பதில் சொல்லுது ஏட்டா. டிக் போட்டாச்சு. கேன்டீன் மூடியிருக்கு, பத்திரி கொண்டாந்திருக்கேன், அங்க வரேன்" என்றாள். அவள் போனை வைக்கவும் மாஷ் போனில் கூப்பிடவும் சரியாக இருந்தது. என்ன ஆயிற்று என்று மாஷ் கேட்க, எல்லாம் முடிந்தது மாஷே, ஐந்து மணிக்கு வந்து பாருங்கள் என்றார் பிரேமராஜன். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்தது. இருக்காதா பின்னே? பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் அயிலை மீன் கறியும் வந்தன. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஆஸ்பத்திரியில் எழுந்திருக்காமல் ஒரு சாப்பாடு சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, இனி வேண்டாம் என்று பழைய தொடரின் வழியை அடைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு மாஷ் நடந்தே வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பிரேமராஜன் திரையைத் திறந்தார். நாற்பத்திரண்டு பச்சை. ஒன்று சிவப்பு.

"சிவப்பு எனக்குப் புடிச்ச கலர்தான். ஆனா இங்க எதுக்கு அது?" என்றார் கட்சிக்காரரான மாஷ்.

எந்தப் பெட்டி என்று பார்க்கும் முன்பே பிரேமராஜனுக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் பெட்டிக்கு அலாரத்தை நிறுத்தவில்லை. சேமிக்கவும் இல்லை. அவர் பத்திரியைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது சொன்னபடி அணைந்து, எழுந்து, பழைய முகவரியோடு வந்து நின்றிருக்கிறது. அது பஸ் ஸ்டாண்டில் இருக்கும் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை மையத்துக்கு இணைப்புக் கொடுக்கிற பெட்டி. ஹர்த்தாலுக்கு மையம் மூடியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ரம்சீனா டிக் போட்டபோது அது பதில் சொன்னது உண்மைதான். இப்போது பழைய வழியையும் அவரே அடைத்தாகிவிட்டது. நாற்பத்திரண்டு தரம் சரியாகச் செய்த கை, ஒரு பத்திரிக்காகக் காலை வாரிவிட்டது.

"என் தப்புதான் மாஷே" என்றார்.

"அஞ்சே நிமிஷம் மாஷே, நான் ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று ரம்சீனா லேப்டாப்பை எடுத்தாள்.

"நீ ஏறுனா அது ஏறுனதுதானே மோளே. ஏறாம முடியுமாங்கறதுதான இங்க பேச்சு."

மாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரமே இல்லை அவருக்கு. பிரேமராஜன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூளை நின்றுவிட்டது. மகளுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் ஓடியது. ரம்சீனா லேப்டாப்பை மேஜைமேல் திரும்ப வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு குனிந்து மெல்லச் சொன்னாள்.

"ஏட்டா, பழைய கட்டிடத்து மூணாம் மாடி சுவிட்ச் நம்ம கையிலதான இருக்கு? மேல போற வயர் அதுலேருந்துதான போகுது. அதுக்குத் தற்காலிகமா ஒரு பழைய முகவரி குடுத்து, அது வழியா மேல பூந்து பாத்தா என்ன?"

செய்தார். கடவுச்சொல்லை இரண்டு தரம் தப்பாக அடித்தார். மூன்றாம் மாடிப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து தொட்டி அறைப் பெட்டியைப் பழைய பெயரில் கூப்பிட்டார். பதில் சொன்னது. மறுபடி அலாரம் வைத்தார், மாற்றினார், புது முகவரியில் கூப்பிட்டார். ரம்சீனா வாத்தியாரம்மா போலப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"அலாரம்?"

"நிறுத்தியாச்சு."

"சேவ்?"

"பண்ணியாச்சு."

சிவப்பு பச்சையாயிற்று. மாஷ் எழுந்து அவர் தோளைத் தட்டினார்.

"அப்ப எல்லாமே இந்த நாற்காலியிலேருந்தே முடியும்?"

"முடியும் மாஷே. ஒரு ஆள் போதும்" என்றார் பிரேமராஜன். பெருமை தாங்காமல் வாயில் வந்த வார்த்தை அது.

மார்ச்சில் ஒப்பந்தப் பட்டியல் வந்தது. அதில் ரம்சீனாவின் பெயர் இல்லை. பிரேமராஜன் மாஷின் வீட்டுக்கே போனார். வயர் இழுக்க, பெட்டி மாற்ற ஒரு கை வேண்டும் என்று வாதாடினார். அந்தக் கடைசிப் பெட்டியை மீட்ட யோசனையே அவளுடையதுதான் என்றும் சொன்னார். மாஷ் மறுக்கவில்லை. கெட்டிக்காரப் பெண், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்றார். தேவைப்பட்டால் வெளியாளைக் கூப்பிடலாம், ஒரு ஆள் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். அவளை வைத்துக்கொள்ளுங்கள், நான் போகிறேன் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கென்ன, சொல்கிறவனுக்கு மகள் மங்களூரில் படிக்கவில்லை.

கடைசி நாளில் ரம்சீனா சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தாள். பட்டியல் வந்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்ததை அவர் கேட்டுவிட்டார்.

"அன்னிக்கு அந்த யோசனையச் சொல்லும்போது, இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனாக்கும்? கடலை வாங்கிட்டு, ஒவ்வொரு மாடியிலயும் உக்காந்து தின்னு தின்னு, அந்தத் தொட்டி ரூமுக்கு ஒரு மணி நேரம் ஏறியிருப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நாற்காலி அவருக்கு நிலைத்தது. காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்தார். இவ்வளவும் உட்கார்ந்தே நடக்கிறது என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரியின் இரண்டு கிளைகளையும் அதே திரையில் சேர்த்துவிட்டார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. சாப்பிடும்போதும் ஒரு கண் திரையில் இருந்தது.

ஜூனில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை ஒரு விளக்கு சிவப்பானது. நாற்பத்து மூன்றாவது. புது முகவரியில் கூப்பிட்டார், மூன்றாம் மாடி வழியாகக் கூப்பிட்டார், எந்தப் பெயரில் கூப்பிட்டும் பதில் இல்லை. தொட்டி அறையில் மழைத் தண்ணீர் இறங்கி மின்சாரம் போயிருக்கும். கரண்டே இல்லாத பெட்டிக்கு எத்தனை முகவரி இருந்து என்ன? பஸ் ஸ்டாண்ட் மையத்தில் ரிசல்டுக்கு வரிசை நிற்கிறது என்று போன்மேல் போன். வெளியாள் நாளை மறுநாள்தான் வருவான். அவர் முட்டிக்கு உறையை மாட்டிக்கொண்டு, டார்ச்சையும் டெஸ்டரையும் பையில் போட்டுக்கொண்டு, பழைய கட்டிடத்துக்கு நடந்தார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் ஒத்துழைக்க மறுத்தது. படியிலேயே உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்தார். என்ன தோன்றியதோ, போனை எடுத்து ரம்சீனாவைக் கூப்பிட்டார். டவுனில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறாள் இப்போது. பின்னால் பாத்திரங்கள் கலகலக்கும் சத்தம் கேட்டது.

"என்ன ஏட்டா, இப்படி மூச்சு வாங்குது? தொட்டி ரூமா?"

"ம்."

"எத்தனாவது படி?"

"முப்பத்தொம்பது."

"பாதிதான் ஆச்சு" என்றாள். கடையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, "கடலை வாங்கிட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள்.

வாங்கவில்லை என்றார். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார், ஆனால் அதற்குள் அவளுக்கு வாடிக்கையாளர் வந்துவிட்டார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து எழுந்து, நாற்பதாவது படியில் காலை வைத்தார்.