எங்கள் வீட்டுப் பார்

சென்னைக்கு எதிரே கடலடி பெரும்பாலும் சேறும் மணலும்தான். நடுநடுவே சில பாறைத் திட்டுகள் கிடக்கும். அவற்றைப் பார் என்போம். கடற்பஞ்சும் பவளமும் ஒட்டி வளர்வதால் சிங்கி இறாலும் கலவா, சங்கரா மீன்களும் அங்கே குடியிருக்கும். எங்கள் மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில் ஒருவரிடம் எந்தப் பாரில் தூண்டில் போடுகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கூடப் பிறந்த தம்பிக்கே சொல்லாதவர்கள் உண்டு.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கும் ஒரு பார் இருக்கிறது. அங்கே பிடித்த மீனை அம்மா சாலையோரம் விற்றுத்தான் நான் எம்.எஸ்சி. வரை வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

கரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும் கண்டத்திட்டில், எந்தத் தரையில் எந்த உயிர் வாழ்கிறது, அங்கே தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. நான் அள்ளி வந்த மண் எல்லாமே சேறாக இருந்தது.

"சேத்த சேத்தோடவே ஒப்பிட முடியாதும்மா, ஒரு பாறைத் தளமாவது வேணும்" என்றார் வழிகாட்டிப் பேராசிரியை. "வாடைக்காத்து ஆரம்பிச்சா தண்ணி கலங்கிடும். கேமராவுல ஒண்ணும் தெரியாது. அப்புறம் அடுத்த வருஷம்தான்."

இன்னொரு வருடம் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. அன்று சாயங்காலம் வலை பின்னிக்கொண்டிருந்த நைனாவிடம் கேட்டேன்.

"நைனா, நம்ம பாருக்கு என்ன இட்டுகினு போறியா?"

அவர் நிமிரவில்லை. "எந்த எடம்னு எழுதுவியா?"

"கேப்பாங்க நைனா."

"அப்ப வேணாம். புஸ்தகத்துல வந்துச்சுனா ஊருல கீற போட்டெல்லாம் அங்கதான் நிக்கும். ஒரே சீசன்ல காலி."

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "உன் பொண்ண படிக்க வெச்சதே அந்தப் பாருதான். அவ ஒரு தபா பாத்தா இன்னா, தேஞ்சா பூடும்?"

நைனா நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "பாக்கட்டும். சொல்லக் கூடாது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பேராசிரியை ஒப்புக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது.

பாருக்கு யாரும் நேராகப் போவதில்லை. முதலில் வேறு திசையில் போய், மற்ற படகுகள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் திருப்புவார்கள். இது தெரிந்தும், கல்லூரியில் கொடுத்த பளீர் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டோடு போய் நின்றேன்.

"அடிப்பாவி! எண்ணூர்ல கீறவனுக்குக்கூட தெரியுமே!" நைனா தன் பழைய காக்கிச் சட்டையை அதன்மேல் மாட்டிவிட்டார். "இப்ப ஐஸ் மூட்ட மாதிரி கீற. அசையாம குந்து."

வடக்கே போகிறவர்கள் போலப் போய், பிறகு படகைத் திருப்பினோம். ஓரிடத்தில் நைனா எழுந்து நின்று கரையைப் பார்த்தார். கட்டடங்களில் ஒன்றை இன்னொன்றோடு நேர்கோட்டில் சேர்த்துப் பார்த்து இடம் பிடிப்பது அவர் வழக்கம். எதை எதோடு சேர்த்தார் என்று இங்கும் எழுத மாட்டேன்.

வெப்பநிலை அளக்கும் கருவியை இறக்கினேன். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பாதி ஆழத்துக்குக் கீழே சட்டென்று குளிர்ந்தது.

"ஆழத்துலேந்து குளுந்த தண்ணி அடிவழியா ஏறி வந்துகினு கீது நைனா."

"அதான் ரெண்டு நாளா சங்கரா தூண்டிலுக்கு வாயே தொறக்கல" என்றவர், "இது எப்ப போவும்னு உன் மிஷினு சொல்லுமா?" என்று ஆசையோடு கேட்டார். சொல்லாது என்றேன். "பின்ன இன்னாத்துக்கு அது?"

பிறகு கேமராவைக் கயிற்றில் இறக்கினேன். சின்னத் திரையில் முதலில் பச்சை மட்டும் தெரிந்தது. அப்புறம் பாறை தெரிந்தது. அதன்மேல் ஊதா நிறக் கடல்விசிறிகள் நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஒரு பிளவுக்குள்ளிருந்து சிங்கி இறாலின் மீசைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கலவா கேமராவுக்கு நேராக வந்து முறைத்துவிட்டுப் போனது.

நைனா இஞ்சினை நிறுத்திவிட்டு என் தோளருகே வந்து குனிந்தார். வாலிப வயதிலிருந்து மீன்பிடிக்கும் இடத்தை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

"இத்தினி வருசமா கவுத்தாலதான் தொட்டுகினு இருந்தேன்" என்றார்.

மறுநாள் பேராசிரியையிடம் படத்தைக் காட்டினேன். என் வாக்கையும் சொன்னேன். இடம் கட்டாயம் வேண்டும் என்றால் இந்தத் தளத்தையே விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் படத்தை இன்னொரு முறை ஓடவிட்டார்.

"ஆழம், வெப்பநிலை, உயிர்கள் எல்லாம் எழுது. இடத்த மட்டும் கரையிலிருந்து இத்தன தூரத்துக்குள்ளன்னு பரப்பா சொல்லிடு. இந்த மாதிரி எடங்கள மறைச்சு எழுதறது உண்டு. காரணத்த ஒரு வரி போட்டுடு, போதும்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

ஆய்வு தேறியது. நன்றி சொல்லும் பக்கத்தில் பேராசிரியை, அம்மா, நைனா ஆகியோரோடு அந்தப் பாரையும் சேர்த்தேன். நீக்கச் சொல்வார்களோ என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

நைனா அந்தப் படத்தைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். வலை உலர்த்தும் இடத்தில் எல்லோருக்கும் அவரே போட்டுக் காட்டுகிறார். பெண் எடுத்த படம் என்பதை இரண்டு முறையாவது சொல்வார். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் திரையோரத்தில் இடம் காட்டும் எண் ஏதும் இருக்கிறதா என்று துருவினார்.

"நல்லாகீது மாமா. எந்தப் பாரு இது?"

"உன்து இல்ல" என்றார் நைனா. "உன்துல இவ்ளோ சிங்கி ஏதுடா?"