வெட்டியும் ரொபோட்டாவும்

1961, ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் விழுப்புரத்து மருத்துவமனை ஒன்றில் என் மனைவி காலமானாள். முற்பகலில் உடல் வாடகை வேனில் திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. நண்பகலில் மழை பெய்து ஓய்ந்தது. வெளிச்சம் மறைவதற்குச் சற்று முன் சிதைக்குத் தீ வைக்கப்பட்டது.

நண்பகலுக்கும் மாலைக்கும் இடையில் நடந்ததைச் சொல்ல, முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த நான், அவ்வாண்டு ‘ரொபோட்டா’ என்ற சொல்லைப் பற்றிக் கட்டுரை எழுதிவந்தேன். செக் மொழியில் அது, குடியானவன் தன் பிரபுவின் நிலத்தில் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய உழைப்பு. இயந்திர மனிதனுக்கு ஐரோப்பியர் வைத்த ‘ரோபாட்’ என்ற பெயர் அதில் பிறந்தது. அண்டை மொழியான போலிஷில் அதே சொல்லுக்கு வெறுமனே வேலை என்றுதான் பொருள். நம் சோழர் கல்வெட்டுகளில் இதற்கு ஈடாக ‘வெட்டி’ உண்டு: ஊருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய ஊழியம். இன்று சும்மா இருப்பவனை வெட்டி என்கிறோம்.

இதை ஒரு மாலை என் மனைவிக்கு விளக்கினேன். அவள் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, கூலியில்லாம ஒழைச்சவங்க அந்த ஊர்ல ஆம்பளைங்க மட்டுந்தானா? வூட்டு வேலைக்கு என்ன பேரு வெச்சாங்க?”

அகராதியில் தேடினேன். கிடைக்கவில்லை.

“ஆறு அகராதி வாங்கி என்ன பிரயோஜனம்?” என்று சிரித்தாள்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் வெட்டியானை யாரும் அழைப்பதில்லை. செய்தி காதில் விழுந்ததும் அவரே வந்து தெருக்கோடியில் நிற்க வேண்டும். சிதை அடுக்க வேண்டும். அன்று யாரும் வரவில்லை. முதியவரான வெட்டியான் நோயில் படுக்கையில் கிடந்தார். ஆளனுப்பி விசாரித்த பிறகு, விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளும் அவருடைய மகன் காக்கி உடுப்போடு தெருக்கோடிக்கு வந்தார். என் மனைவியின் அண்ணன் அவரை எதிர்கொண்டார்.

“பொணத்த வெச்சிக்கினு, மழ வருமான்னு மானத்த பாத்துக்கினு இருக்கோம். ஜல்தியா கெளம்புடா.”

“எங்கப்பா செஞ்சாருங்க. நான் வெட்டிக்கு வர மாட்டேன். வேலைன்னு கூப்புட்டா வர்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேடா?”

“இல்லீங்க. வெட்டிக்கு யாரும் கூப்புட மாட்டாங்க. நானா வந்து நிக்கணும்.”

“ஓகோ! துரைக்கு வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணுமோ?”

அவர் திரும்பி நடந்தார். மேற்கே மீண்டும் கருத்தது. இருட்டிவிட்டால் எரிக்க மாட்டார்கள். அவள் இன்னோர் இரவு கூடத்தில் கிடக்க வேண்டும். நான் எழுந்தேன்.

“மாப்ள, எங்க போறீங்க? பொண்டாட்டி பொணத்த போட்டுட்டு வாசப்படி தாண்டக் கூடாது!” என்றார் அவள் அண்ணன்.

தாண்டினேன். ஈர மண்ணில் வெறுங்காலோடு வாய்க்காலைக் கடந்து, அதற்கு முன் நான் ஒருமுறையும் போயிராத அவர்கள் தெருவில் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

“என் மனைவி இறந்துட்டாங்க. ஒரு வேலை இருக்கு. நீங்க வந்து செய்யணும்.”

அவர் சற்று நேரம் என் கால்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

“வெறகு ஈரமா இருக்கும். வரட்டி நெறைய வேணும்ங்க. வாங்க, போலாம்.”

சேர்ந்து நடந்தோம். சுடுகாட்டில் அவர் வரட்டியை ஓரங்களில் நெருக்கமாகச் செருகி அடுக்கினார். அவள் நன்றாக எரிந்தாள்.

மைத்துனர் கருமாதிக்கு வரவில்லை. இன்றுவரை பேசவில்லை.

ரொபோட்டாவின் வேர் ‘இழந்தவன்’, ‘அநாதை’ என்று பொருள்படும் லத்தீன், கிரேக்கச் சொற்களோடு உறவுடையது என்பர் அறிஞர். அந்தப் பகுதியை எழுத உட்காரும்போதெல்லாம் களைப்பாக இருக்கிறது. உட்கார்ந்து, எழுந்துவிடுகிறேன்.

செய்யாமல் கிடப்பவை:

பழுதுபார்க்கக் கொடுத்த அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கடையிலிருந்து வாங்குதல்.

மைத்துனர் வீட்டுக்குப் போதல்.

வீட்டு வேலைக்கு அங்கே என்ன பெயர் என்று தேடுதல்.

லோகோ ஷெட்காரரை, வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில், வீட்டுக்கு அழைத்தல்.