ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை

தமிழ்வாணனுக்கு என்ன வேலை என்று ஏரிக்கரை மீனவ ஊரான தோணிரேவில் கேட்டால், பொன்னேரி பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். அதற்குமேல் யாருக்கும் விளங்காது. அவனே ஒருமுறை அப்பா வேணுவுக்கு விளக்கிச் சொன்னான். ஏரியில் இறால் ஓடும் இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைக்கிறதே, பாடு, அதே கதைதான். காலேஜ் வைஃபையில் யார் எந்த நேரத்தில் நுழையலாம் என்று ஒரு சர்வர் முறை வைக்கிறது. பேரையும் பாஸ்வேர்டையும் பார்க்கும், மணியையும் பார்க்கும். நேரம் இல்லையென்றால் உள்ளே விடாது.

"அப்போ நீதான் அங்க தலையாரியா?" என்று வேணு சிரித்தார்.

மாணவர்களுக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வைஃபை கூடாது என்று பிரின்சிபால் சொன்னபோது, ஒரே வரியில் அதை எழுதி முடித்தான். லேப் கட்டடத்துக்குள் போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. வைஃபையும் இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் டப்பா. பையன்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். ஆபீஸ் சூப்பரண்டு தன் மகனுக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சியும் இவன் மசியவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தங்கை ஐஸ்வர்யா அதே காலேஜில் இரண்டாம் வருஷம். மார்கழியில் அம்மா கஸ்தூரியம்மாளை, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சென்னை ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஈரல் போய்விட்டது. ஆனாலும் மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் கஸ்தூரியம்மாளுக்குக் கோபம் வரும். "எம் மூஞ்சியப் பாத்துக்னு இருந்தா பாஸாயிடுவியா? போ" என்று விரட்டுவாள். ஐஸ்வர்யா போனாள். போகும் வழியில், பைக்கின் பின்னால் இருந்தபடி அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணா, என் லாகின மட்டும் தொறந்து வையேன். நைனா கூப்ட்டா எடுக்கணும் இல்ல."

"ஒருத்தருக்குத் தொறந்தா எல்லாரும் வருவாங்க, ஐஸு. சூப்பரண்டு பையனுக்கே முடியாதுன்னு சொல்லிக்கீறேன்."

"அம்மாவுக்கு முடியலன்னு சொல்லு."

"எதுனா ஒண்ணுன்னா நைனா எனக்குப் போன் பண்ணும். நான் ஓடியாந்து சொல்லமாட்டனா? முறைன்னா முறைதான். ஏரியில பாடு வைக்கறப்ப அண்ணன் தம்பி பாப்பாங்களா?"

அவள் அப்புறம் கேட்கவில்லை. வீட்டில் சீக்கு, சாவு என்றால் ஊரில் அந்தப் பாடு முறையையே மாற்றிக் கொடுப்பார்கள். தோணிரேவில் குழந்தைக்கும் அது தெரியும். மடையன், அவனுக்கு மட்டும் அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, பதினொன்று இருக்கும். வேணு போனில் கூப்பிட்டார்.

"தமிழு, உங்கம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஐஸு எங்க, ஐஸு எங்கன்னு கேக்குது. கால் மணி நேரமா அடிக்கிறேன், பாப்பா போனு போவவே மாட்டேன்னுது."

அப்போதும் அவன் எழுந்து ஓடவில்லை. சர்வரைத் திறந்தான். தங்கை பேரில் ஒரு வரி எழுதி, சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினான். மொத்தம் நாலு நிமிஷ வேலை. "இப்போ வாட்ஸப்புல போடு நைனா" என்றான். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. லேப் வாசலில் குவிந்து கிடந்த பைகளில் ஒன்றுக்குள் இருந்தது அந்தப் போன். அதற்குப் பிறகுதான் ஓடினான். மூன்று மாடி ஏறித் தங்கையை வெளியே அழைத்தான்.

ஐஸ்வர்யா பையைத் துழாவிப் போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள். வேணு எடுத்தார். படத்தில் வீட்டுக் கூரைதான் தெரிந்தது.

"நைனா, அம்மாகிட்ட காட்டு."

"அம்மா போயிடுச்சி, பாப்பா. இப்பத்தான்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இருவரும் காலேஜுக்குத் திரும்பினார்கள். அன்றைக்கு அவன் சர்வரின் பதிவைத் திறந்தான். உள்ளே விடாமல் திருப்பியனுப்பிய ஒவ்வொருவரின் பேரும் மணியும் அதில் விழும். அதையெல்லாம் உட்கார்ந்து யார் பார்க்கிறார்கள், அவனும் பார்த்ததில்லை. அந்த வியாழக்கிழமை, லேபுக்குள் போகும் முன்பே, ஐஸ்வர்யாவின் பேர் ஆறு தடவை இருந்தது. முந்தின நாளும் இருந்தது. அதற்கு முந்தின நாளும் இருந்தது. அவள் பைக்கில் கேட்ட நாள்வரை பின்னால் போய்ப் பார்த்தான். காலேஜ் இருந்த ஒரு நாள்கூடத் தவறவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தான்.

சாயங்காலம் பைக் பக்கத்தில் அவள் காத்திருந்தாள்.

"கெடைக்காதுன்னுதான் தெரியுமே, ஐஸு. அப்பறம் ஏன் தெனமும் போட்டுப் பாத்தே?"

துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீ வாயாலதான மாட்டேன்னே. எனக்குத் தெரியாம தொறந்து வெச்சிருப்பியோன்னு பாத்தேண்ணா."