அண்ணை போட்ட தேடுசொற்கள்

டென்மார்க்கில், வைலே நகருக்கு வெளியே, வைகாசி மாதத்தில் ராப்ஸ் என்ற எண்ணெய்க்கடுகு வயல்கள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். அண்ணை எடுத்த வயல் படம் ஒன்று கம்ப்யூட்டர் திரையை நிறைத்து நிற்க, பக்கத்துத் தொலைக்காட்சியில் வன்னி எரிந்துகொண்டிருந்தது. ஒலிக்காத தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நான் நடுவில் நின்றேன். அண்ணை திரும்பிப் பாராமலே கேட்டார்: "பிள்ளை, இதுக்கு இன்னும் என்ன சொல் போடலாம்?"

அப்போது வந்த எரிச்சல், அண்ணை போய்ச் சேர்ந்து இவ்வளவு காலமாகியும் எனக்கு முழுதாய் ஆறவில்லை.

இறைச்சித் தொழிற்சாலையில் முதுகைக் கொடுத்துவிட்டு, வயதுக்கு முன்பே பென்சன் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு மேலறையில் இருந்தவர் அவர். கலியாணம் கட்டவில்லை. ஒரு கமரா வாங்கினார். படங்களை விற்றுக் கொடுக்கும் இணையத்தளம் ஒன்றில் சேர்ந்தார். படத்தைப் போட்டால் மட்டும் காணாது. வாங்க வருகிறவன் எந்தச் சொல்லை அடித்துத் தேடுவானோ அந்தச் சொற்களையும் கூடவே எழுதவேண்டும். சொல் பொருந்தினால் படம் அவன் கண்ணில் படும். பொருந்தாவிட்டால் குவியலுக்கு அடியில் கிடக்கும். அண்ணை படம் நன்றாய்த்தான் எடுப்பார். சொல்லில்தான் எல்லாம் கெட்டது. பெந்தகோஸ்தே சபைக்குப் போகத் தொடங்கிய நாள்முதல் கார் திறப்பைத் திருப்புவதென்றாலும் கர்த்தரை முன்னுக்கு வைத்துத்தான் திருப்புவார். ஆகவே மழையில் நனையும் சைக்கிளுக்கும், மீன் கடைக்கும், குப்பை வண்டிக்கும் முதற்சொற்கள் ஒன்றுதான்: ஆசீர்வாதம், கிருபை, ஆமென். இங்கிலீசில் அழகாய் அடித்து வைப்பார்.

வேலையால் வரும் என் மகள் எட்டிப் பார்ப்பாள். என்னோடு டேனிஷில் பேசுகிறவள், மாமாவோடு மட்டும் தமிழில் மல்லுக்கட்டுவாள்.

"மாமா, சைக்கிள் தேடுறவன் ஆமென் எண்டே அடிப்பான்?"

"ஏன், சைக்கிள் ஓடுறவன் ஜெபிக்கிறேல்லையோ?"

"உங்களுக்கு அது என்னவெண்டு எழுதாதேங்கோ. வாங்க வாற ஆளுக்கு அதிலை என்ன தெரியுதோ அதை எழுதுங்கோ. சைக்கிள், மழை, ஸ்டேஷன். பேப்பர்க்காரன் அதைத்தான் தேடுவான்."

"அப்ப கர்த்தரைக் கடைசியிலை போடச் சொல்லுறாய்."

படத்துக்குச் சம்பந்தமில்லாத சொற்கள் என்று தளத்துக்காரர் பல படங்களைத் திருப்பி அனுப்பினார்கள். விசுவாசிக்கு வருகிற சோதனை என்று அண்ணை அதற்கும் சந்தோசப்பட்டார். ஒரு படமும் விற்கவில்லை.

போர் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்ன பிறகும் எங்கள் கடைசித் தங்கச்சியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. புதுக்குடியிருப்பிலிருந்து ஒருமுறை கதைத்தவள், அதோடு சரி. சனத்தையெல்லாம் வவுனியாப் பக்கம் முகாம்களில் அடைத்திருக்கிறார்கள் என்றார்கள். இருக்கிறாளா, இல்லையா? அதைத் தவிர வேறு நினைப்பில்லாமல் நான் வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி நடந்தேன். அண்ணை பழையபடி கம்ப்யூட்டருக்கு முன்னால்.

தேத்தண்ணியைக் கொண்டுபோய் மேசையில் அடித்து வைத்தபோதுதான் பார்த்தேன். அவர் படம் ஏற்றவில்லை. செய்திக்காரர் எடுத்த முகாம் படங்களும் அந்தத் தளத்தில் விற்பனைக்குக் கிடந்தன; அதன் தேடும் கட்டத்தில் தங்கச்சியின் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். பெயர், ஊர், பின்னால் ஆசீர்வாதம். பிறகு எழுத்தை மாற்றி அதே பெயர்.

"ஒண்டும் வருகுதில்லை, பிள்ளை."

சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலே நான் பின்வரிசைக்குப் போய்விடுவேன். கடையில் கேட்க வெட்கப்பட்டு விரலால் காட்டுகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன சொல்ல? ஆனால் அன்று கத்தினேன்.

"படம் பிடிச்சவனுக்கு அவளின்ரை பேர் தெரியுமோ அண்ணை? அவனுக்கு அவள் ஒரு கிழவி. கிழவி எண்டு அடியுங்கோ! அகதி எண்டு அடியுங்கோ! கம்பிவேலி எண்டு அடியுங்கோ!"

அண்ணை விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். "என்ரை தங்கச்சியை நான் அப்பிடி எழுதமாட்டன்."

மகள் வந்து அவரை நகர்த்திவிட்டு அடித்தாள். பெண். முதியவள். அகதி. முகாம். வேலி. வரிசை. படங்கள் கொட்டுண்டன. அத்தனை முகங்கள். ஒன்றுக்கும் பெயரில்லை. அன்றும் மறுநாளும் வரிசை வரிசையாய்ப் பார்த்தோம். பிறகு ஒரு தண்ணீர்த் தாங்கி. அதன் முன்னால் வாளியோடு ஒருத்தி, பாதி முகம், ஒரு பாதத்தை மற்றப் பாதத்தின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு. சுடுமணலில் தங்கச்சி அப்படித்தான் நிற்பாள். அண்ணையும் நானும் ஒரே நேரத்தில் அவள் பெயரைச் சொன்னோம்.

களவெடுக்காமலிருக்கத் தளத்துக்காரர் போட்ட எழுத்து அவள் கன்னத்தின் குறுக்கே கிடந்தது. அதை நீக்கவேண்டுமென்றால் வாங்கத்தான் வேண்டும். ஒரு படமும் விற்காத மனிதர் அந்தப் படத்தை வாங்கினார். அச்செடுத்து வேதாகமத்துக்குள் வைத்தார். சபை முழுவதும் அதன்மேல் கைவைத்து ஜெபித்தது. எனக்கும் நித்திரை வந்தது.

மாதங்கள் கழித்து அவளே தொலைபேசியில் வந்தாள். அழுது முடித்ததும் அண்ணை சும்மா இருந்தாரா? படத்தின் கதையை எடுத்தார்.

"எந்தத் தண்ணித் தாங்கி? நான் இருந்த பக்கம் தாங்கியே இல்லையே. வாளிக்கு நான் எங்கை போக?"

"நீதான். உனக்கு மறந்துபோச்சு."

"என்னை எனக்குத் தெரியாதோ அண்ணை?"

"காலைப் பாத்தனான் நான்!"

"உயிரோடை வந்தவளோடை படத்துக்குச் சண்டை பிடிக்கிறியளே" என்று தொலைபேசியைப் பறித்தேன். அதன் பிறகும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை; படத்தை எறியவும் விடவில்லை.

இப்போது பேரப்பிள்ளைகள் தங்கள் போனுக்கு ஒரு முகத்தைக் காட்டினால், சொல் எதுவும் அடிக்காமலே அந்த ஆளின் படமெல்லாம் வந்து விழுகிறது. அண்ணையின் வேதாகமம் என்னிடம் இருக்கிறது. தங்கச்சி கனடாவில் சுகமாய் இருக்கிறாள். வாளிக்காரி இந்த வீட்டில் இருக்கிறாள். எங்கேயோ ஒரு அண்ணனோ மகனோ அவளைப் பெயர் சொல்லித் தேடியிருப்பான், அவள் கிடைத்திருக்கமாட்டாள். காலையில் ஜெபிக்கும்போது ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லிவருகிறேன். அவளிடம் வந்ததும் நின்றுவிடுகிறேன். முதியவள், வரிசை, வாளி என்றா கர்த்தரிடம் சொல்வது? வாங்கிக் கொண்டுவந்து வீட்டில் வைத்த மனிதர், அவளை என்னவென்று கூப்பிடுவது என்று சொல்லாமலே போய்விட்டார்.