கமலம் ரயில் ஏறினாளா?

போன புதன்கிழமை என் வயலில் நடவு நின்றுபோகப் பார்த்தது. தண்ணீர் இல்லாமல் அல்ல. ஆள் இல்லாமல் அல்ல. கதை இல்லாமல்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாஞ்சில் நாட்டில், ஐப்பசியில் நட்டு மாசியில் அறுக்கிற கும்பப்பூப் போகத்தில் ஒரு நடவுக்காவது வரப்பில் நின்று பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும் — எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு பக்கம் முடிவதற்குள் தட்டு வெற்றிலை தீர்ந்துவிடும். படித்துக் காட்டுவது என் மருமகள் சரசு. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். ஆனால் எது நல்ல கதை என்று தீர்ப்புச் சொல்வது நான். அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகையில் இப்போது மூன்று தொடர்கதைகள் ஓடுகின்றன. எதைப் படிக்கலாம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ராஜா கதை. இளவரசன் குதிரையில் ஏறிப் பல வாரம் ஆகிறது. இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறான். குதிரை தண்ணீர் குடித்ததா, புல் தின்றதா... எழுதுகிறவருக்கு அந்தக் கவலையே இல்லை. வீட்டில் ஒரு மாடாவது கட்டியிருந்தால் இப்படி எழுதுவாரா? படம் மட்டும் அழகு. பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம்.

அடுத்தது, மர்மக் கதை. பங்களாவில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். துப்பறிகிறவர் வாரந்தோறும் சிகரெட் பிடிக்கிறார். கொன்றது சமையல்காரன்தான் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். சரசு நம்பவில்லை. இருக்கட்டும், பார்க்கத்தானே போகிறோம்!

மூன்றாவதுதான் கமலத்தின் கதை. அடடா... அதுவல்லவா கதை! புருஷன் பட்டணத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். மாமியாரோ டிக்கெட்டை வாங்கிக் கையில் திணித்து, 'உன் அம்மா வீட்டுக்குப் போ' என்று அனுப்பிவிட்டாள். கைக்குழந்தையோடு கமலம் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். சித்திரை வெயில். மாம்பழக்காரன் கூவுகிறான். ரயிலும் வருகிறது. ஏறிப் போய்விடுவதா? திரும்பிப் போய் நியாயம் கேட்பதா? — தொடரும்!

கதையை அளக்க என்னிடம் ஓர் அளவு இருக்கிறது. குனிந்து நடுகிற பெண்கள் அதைக் கேட்டு இடுப்பு வலியை மறக்க வேண்டும். போன பூவிலிருந்தே, அதாவது போன போகத்திலிருந்தே, நடவு நாட்களில் நான் வரப்பில் குடை பிடித்து நின்று, அந்த வாரக் கதையைச் சொல்லி வருகிறேன். ஊரெல்லாம் ஆளுக்கு அலைகிற நாளிலும் என் வயலுக்கு ஆள் வந்துவிடும். ராஜா கதைக்குக் கை நகராது. கமலம் கதைக்குப் பறக்கும்!

பக்கத்து வயல்காரருக்கு இதில் வெப்ராளம், வயிற்றெரிச்சல். புதன்கிழமை அவர் என்ன செய்தார் தெரியுமா? பாட்டரி ரேடியோவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வரப்புக்கே வந்துவிட்டார். 'என் வயலுக்கு வந்தால் பாட்டுக் கேட்டுக்கொண்டே நடலாம்' என்று ஆள்விட்டுச் சொல்லியும் இருந்தார்.

அந்த வாரம் பார்த்தா பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வராமல் இருக்க வேண்டும்? கண்டக்டர் கையை விரித்துவிட்டார்.

நாற்றைப் பறித்து முடி கட்டிப் போட்டாயிற்று. முறைவைத்து விடுகிற வாய்க்கால் தண்ணீர் மறுநாளே எங்கள் மடையை விட்டுப் போய்விடும். வானம் கறுக்கிறதே தவிர மழை விழவில்லை. அன்று நட்டால் அந்த வயலுக்குக் கும்பப்பூ உண்டு. இல்லையென்றால் அத்தனை நாற்றும் மாட்டுக்குத்தான்.

"ஆச்சி, கமலம் ரயிலு ஏறினாளா?"

வயலில் கால் வைக்குமுன்பே கேட்டாள் தங்கம்மை. நடவுக்காரிகளில் மூத்தவள். அவள் கை நின்றால் எல்லார் கையும் நிற்கும்.

"குனியுங்கட்டி, சொல்லுகேன்" என்றேன். வேறு என்ன செய்ய? நானே ஒரு கதையை எடுத்துவிட்டேன்.

கமலம் ஏறவில்லை என்றேன். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டாள் என்றேன். நேரே மாமியார் ஊருக்கே திரும்பிப் போய், என் பங்கு வயலை நானே நடுவேன் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள் என்றேன். கைகள் பறந்தன. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை.

"அப்பம் பாத்து அடிச்சுதட்டி ஐப்பசி மழை... சடசடன்னு!"

கைகள் நின்றன.

"அடிக்கும், அடிக்கும்" என்று நிமிர்ந்தாள் தங்கம்மை. "போன வாரம் மாம்பழம் வித்தான். இந்த வாரம் ஐப்பசி மழையா? ஆறு மாசமா பிளாட்பாரத்துலயே கெடந்தாளாக்கும்?"

"ஆச்சிக்குப் பொஸ்தகம் வரல்ல, கேட்டியா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் இன்னொரு நடவுக்காரி ரோசம்மா. வயல் முழுக்கச் சிரிப்பு.

என் வயலுக்கு மழை வேண்டியிருந்தது. கதையில் பெய்துவிட்டது! பெரிய எழுத்தாளர்களுக்கும் இப்படித்தான் ஆகுமோ என்னவோ...

அந்த நேரம் பார்த்து ரேடியோ பாட ஆரம்பித்தது. இரண்டு இளம்பெண்கள் தலையைத் திருப்பினார்கள். ஒருத்தி கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தே விட்டாள்.

"பாட்டு கொள்ளாம் போல இருக்கே..." என்று ரசித்தாள்.

நாற்று மாட்டுக்குத்தான் என்று நினைத்தேன். குரலில் காட்டுவேனா?

"பொஸ்தகம் வரல்லதான். அதுக்கு என்னட்டி இப்பம்? நீங்களே சொல்லுங்க. அவ ஏறணுமா, ஏறப்பிடாதா?"

"ஏறப்பிடாது!" என்றாள் தங்கம்மை. "பிள்ளைக்கு அப்பன் வீட்டுல பங்கு உண்டுல்லா?"

"வெரட்டி விட்ட வீட்டுல என்ன பங்கு, சவம்!" என்றாள் ரோசம்மா. "ஏறிப் போகட்டும். அவளுக்குக் கையும் காலும் இல்லியா?"

வயல் இரண்டாகிவிட்டது. ஆளாளுக்குக் கத்துகிறார்கள். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"சண்டைய நாத்துல காட்டுங்கட்டி! ஏறப்பிடாதுங்கவ மேக்க. ஏறணும்ங்கவ கெழக்க. எந்தக் கூட்டம் முதல்ல நட்டு முடிக்குதோ, அவ்வோ சொன்னதாக்கும் கதை. எட்ட எட்ட நட்டா ஒத்துக்கிட மாட்டேன்!"

அடேயப்பா! பின்னால் நகர்ந்து நகர்ந்துதானே நட வேண்டும்? யார் குதிகால் முதலில் வரப்பில் முட்டும் என்று நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறேன். குடை எங்கே போனது என்றே தெரியவில்லை. பாட்டுக்குத் தலை திருப்பியவள்தான் கிழக்கே எல்லாருக்கும் முந்தி நடுகிறாள்! ரேடியோவில் இதற்குள் பாட்டு முடிந்து, தேங்காய் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, அவ ஏறினாளா, இல்லியா?" — பக்கத்து வயலில் நடுகிற ஒருத்தியின் குரல்.

"நீங்க தேங்கா வெலையக் கேளுங்க மக்கா! உங்களுக்குல்லா தோப்பு கெடக்கு!" என்றாள் தங்கம்மை, குனிந்தபடியே.

கிழக்குக் கூட்டம்தான் ஜெயித்தது. ரோசம்மாவின் குதிகால் வரப்பைத் தொட்டது; "ஏறியாச்சு! கமலம் ஏறியாச்சு!" என்று சேற்றுக் கையைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். கொஞ்ச நேரத்தில் மேற்கும் முடிந்தது. பொழுது சாயுமுன் ஒரு முடி நாற்று மிச்சமில்லை. மறுநாள் தண்ணீர் போனது. போகட்டுமே!

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. சரசு படித்தாள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கமலம் சின்ன வயதை நினைக்கிறாள். கோலம் போட்டதை நினைக்கிறாள். சிநேகிதி கல்யாணத்தை நினைக்கிறாள். கடைசி வரியில் ரயில் ஊதுகிறது — தொடரும்!

இதைப் போய்த் தங்கம்மையிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பாவம், எழுதுகவருக்கு ஆளு பத்தல்ல போல. நாங்க வேணும்னா வாறோம்னு எழுதிப் போடுங்க ஆச்சி."

இருந்தாலும் என் தீர்ப்பில் மாற்றமில்லை. படிப்பதானால் கமலத்தைப் படியுங்கள். நடுவில் ஒரு வாரம் பத்திரிகை வராவிட்டாலும் கேட்கிறவர்கள் சண்டை போட்டாவது அதை முன்னே கொண்டுசெல்வார்கள் என்றால், அதுதான் கதை. குதிரைக்காரனுக்காக எங்கள் வயலில் யாராவது வாய் திறந்தார்களா?

கமலம் இன்னும் பிளாட்பாரத்திலேயே நிற்கிறாள். என் நாற்று பச்சை பிடித்துவிட்டது!