படிவத்தில் இல்லாத பிள்ளை

மனுஸ் என்றால் இங்கே மொன்றியலில் எவருக்குத் தெரியும்? எனக்கும் எங்கள் ஊர்ப் பெடியன் டனிஸ்ரன் சொல்லித்தான் தெரியும். பப்புவா நியூகினிக்கு வடக்கே, பசிபிக் கடலில் தனித்துக் கிடக்கும் சின்ன மாகாணம். சனம் கொஞ்சம், பாஷை முப்பது. கடலுக்குள் கால் நட்ட வீடுகளில் தித்தான் மக்கள் மீன் பிடிப்பார்கள். தீவின் உட்புறக் காட்டுப்பக்கத்தார் சவ்வரிசி மா கொண்டுவந்து மீனுக்கு மாற்றுவார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. பொதுவுக்கு டொக் பிசின் என்றொரு கலப்புமொழி.

அகதியாக ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிய டனிஸ்ரனை அந்நாட்டு அரசு பிடித்து அங்கேதான் கொண்டுபோய் அடைத்தது. ஆறு வருஷம். அதில் பிற்பாதியில் வெளியே நடமாட விட்டபோது றோஸ் என்ற தித்தான் பெண்ணோடு வாழ்ந்தான். கௌரி பிறந்தாள்.

இங்கிருந்து நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, பொறுப்பேற்று, அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டோம். படிவம் நிரப்பியவன் நான். தனி ஆள் என்றால் கேஸ் கெதியாக முடியும் என்பது எங்கள் ஆட்களின் வேதவாக்கு. அவன் தொலைபேசியில் தயங்கினான்.

"முதல்ல நீ வா. பேந்து அவையளைக் கூப்பிடலாம்" என்றேன், சட்டம் படித்த பெரிய அப்புக்காத்து மாதிரி. அவன் கையெழுத்து வைத்தான். மனைவி இல்லை, பிள்ளை இல்லை.

வந்து இங்கே டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலைக்குப் போனான். மூன்றாம் மாதமே சட்டத்தரணி சிவாஜினியிடம் கூட்டிக்கொண்டு போனேன். வரும்போது மறைத்த பிள்ளையைப் பிறகு கூப்பிடுவது லேசில் நடக்காது என்றாள். விதிவிலக்குக் கேட்டு எழுதிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். அதற்குள் றோஸ் காசநோயில் செத்துப்போனாள். கௌரியைத் தாயின் ஆட்கள் வேறு தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவள் வாயில் தித்தான் பாஷை மட்டுந்தான். தொலைபேசியில் தகப்பன் பேசும் டொக் பிசினுக்கு ஓம், இல்லை என்பதோடு சரி. பிறகு தொலைபேசிக்கு வரவே மறுத்தாள்.

சென்ற மாதம் பதில் வந்தது. முடியாதாம்.

அவன் மனுஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். குடியுரிமைப் பரீட்சைக்கு இரண்டே மாதம் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசரா, உன்னை அடைத்து வைத்த தீவடா அது, போனால் திரும்பி வருவாயோ தெரியாது என்று கத்தினேன். அவன் உடுப்புகளை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"பிள்ளை இல்லையெண்டு எழுதினது நான்தானே, அண்ணை."

நான்தானே என்றான். நான் சொல்லித்தான் எழுதினான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, செய்த உதவிக்கெல்லாம் நன்றி என்று வேறு சொன்னான். பாவி, ஒருமுறையாவது என்னைத் தூஷணத்தால் ஏசிவிட்டுப் போயிருக்கலாம்.