புற்றுக்கு ஊற்றிய மஞ்சள்

நாரந்தனையில் ஒரு வீட்டுப் பனங்காணிக்குள் இருந்த கறையான் புற்றைக் கிண்டத்தான் முதலில் அந்த வீட்டுக்குப் போனேன். ஈரமண்ணுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிற கறையானுக்கு ஏன் லேசில் நோய் பிடிப்பதில்லை, அதன் உடம்பில் இருக்கும் நுண்ணுயிர்கள் வேறு கிருமிகளைக் கொல்லும் எதையாவது சுரக்கின்றனவா என்பதுதான் என் ஆய்வு. வீட்டுக்கார அக்காவிடம் இவ்வளவையும் விளக்க எனக்குப் பொறுமையில்லை. "புது மருந்து தேடுறன்" என்றேன். அவருடைய கணவருக்கு நீரிழிவால் காலில் புண். எந்த மருந்துக்கும் கிருமி அடங்கவில்லை, விரலை எடுக்கவேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தும் அப்படித்தான் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில், ஆய்வுகூடத்தில், கறையானை அரைத்து வடித்த நீரில் ஒரு துளியைக் கிருமி பூசிய தட்டில் விட்டேன். மறுநாள் துளியைச் சுற்றி ஒரு கிருமியும் இல்லை. சட்டைப் பொத்தான் அளவில் வெறும் வட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்து, "கறையான் கிருமியைக் கொல்லுது" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அதே புற்றில் இரண்டு தரம் கறையான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு தரமும் அக்கா வீட்டில் இல்லை, வட்டமும் வரவில்லை. தட்டில் பிழையா, மழையில் பிழையா, என் கையில் பிழையா என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் அக்காவிடமே போய், முதல் தரம் புற்றில் ஏதும் வித்தியாசம் இருந்ததா என்று கேட்டேன்.

"நீர் கிண்ட வாறதுக்கு முதல்நாள் புத்தில இருக்கிற நாகதம்பிரானிட்ட மன்னிப்புக் கேட்டு, பாலும் மஞ்சளும் ஊத்தினனான், பிள்ளை. பிறகு ஊத்தேல்லை."

மஞ்சள் கிருமியை அடக்கும் என்பது குசினியில் சமைக்கிற எவருக்கும் தெரியும். அப்படியென்றால் அந்த வட்டம் மஞ்சளுடையதா, கறையானுடையதா? மஞ்சள் பட்டதால் கறையானுக்குள் ஏதும் மாறியதா? நான் குழம்பிப்போய் நிற்க, அக்கா சொன்னார்: "புத்துமண் போட்டதில இவருக்குப் புண் கொஞ்சம் காயுது போல கிடக்கு."

விறாந்தைக் கதிரையில் இருந்த அக்காவின் கணவருடைய காலைப் பார்த்தேன். துணிக்கட்டின் ஓரத்தில் செம்மண் தெரிந்தது.

"ஆர் போடச் சொன்னது?"

"நீர்தானே போனில சொன்னனீர்."

"புண்ணில மண் படக் கூடாது அக்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"அப்ப கறையான் கொல்லுது எண்டது பொய்யே?"

ஓட்டோ பிடித்தேன். மூன்று பேரும் ஏறினோம்.

டொக்டர் கட்டைப் பிரித்துவிட்டு, "ஆர் இதைப் போட்டது?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். புண் உண்மையிலேயே காய்கிறதா என்று டொக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரை வந்தது.

"நான்தான்" என்றேன்.